புதுப்பிப்பு: கோமோ ஏரி தனிப் பயணம், கிசாலோ ஏற்றம்

இத்தாலியின் கோமோ ஏரிப் பக்கம் சைக்கிளில் தனியாகப் போகிறேன், பைகளோடு கிசாலோ மலைச் சாலையில் ஏற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, ஏறிவிட்டேன். வரேனாவில் சைக்கிளோடு படகேறி பெல்லாஜியோவில் இறங்கினால் ஊரைத் தாண்டியதுமே ஏற்றம் ஆரம்பம். முதல் பாதிதான் ஆளை உலுக்கும், சில இடங்களில் 14 சதவீதம், பின்னால் சுமை இருப்பதால் முன்சக்கரம் தூக்கப் பார்க்கிறது. அப்புறம் நடுவில் கொஞ்சம் சமதளம் வந்து மூச்சு வாங்க விடும், கடைசியில் மறுபடி செங்குத்து. சின்ன கியர் கட்டாயம் வேண்டும்.

உச்சியில், 754 மீட்டரில், மடோன்னா தெல் கிசாலோ தேவாலயம். 1949-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே சுவரெல்லாம் ஜெர்சிகள், அந்தக்கால இத்தாலியப் பந்தய வீரர்கள் கோப்பி, பார்தலி ஓட்டிய சைக்கிள்கள். 1995 டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மலை இறக்கத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ காசர்தெல்லியின் சைக்கிளும் அங்கேதான், நசுங்கியது நசுங்கியபடியே. அவர் கோமோக்காரர், வயது 24. அதன் முன்னால் நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேற்குக் கரைச் சாலை பற்றிக் கேட்டவர்களுக்கு: சுரங்கப் பாதைகள் உண்டு, பகலிலும் பின்விளக்கு எரியட்டும், ஏரியோரமாகப் பழைய சாலை பிரிகிற இடங்களில் அதையே பிடியுங்கள்.