காபெல் நதாரே: ஈரான் கிராமங்களில் தாரோஃபிடம் மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். காஷானில் டாக்ஸி பிடித்து அபியானே போனேன். கர்காஸ் மலைச் சரிவில் செம்மண் வீடுகள் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கிற ஊர். இறங்கியதும் எவ்வளவு என்று கேட்டேன். ஓட்டுநர் நெஞ்சில் கை வைத்து, "காபெல் நதாரே" என்றார். உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்பதுபோல் அர்த்தம். நிஜமாகவே காசு வேண்டாம் என்கிறார் என்று நம்பி, கையைக் குலுக்கிவிட்டு நடக்கத் தொடங்கினேன். அவர் கத்தவில்லை. என் நடைக்கு ஏற்ற வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் வந்தார். எனக்கு விஷயம் புரிய ஐம்பது அடி ஆனது.

அதுதான் தாரோஃப், மரியாதைக்காக முதலில் வேண்டாம் என்று சொல்லும் ஈரானிய உபசாரம். நம் ஊரில் சாப்பிடக் கூப்பிட்டால் "இப்பதான் சாப்பிட்டேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தானே இலை முன்னால் உட்காருகிறோம்? அதையே கடைக்கும் டாக்ஸிக்கும் நீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு தடவை மறுப்பார்கள், மூன்றாவது தடவை விலை வரும். அந்த விலையும் தோமானில் வரும். நோட்டில் அச்சடித்திருப்பது ரியால். ஒரு தோமான் என்றால் பத்து ரியால், பேச்சில் ஆயிரம் என்ற சொல்லையும் விழுங்கிவிடுவார்கள். வெளிநாட்டு வங்கி அட்டை அங்கே செல்லாது என்பதால் இந்தக் கணக்கையெல்லாம் கையில் நோட்டுக்கட்டை வைத்துக்கொண்டே போட வேண்டும்.

அபியானேயில் பார்த்தது பெரும்பாலும் வயசானவர்களைத்தான். வெள்ளைத் துணியில் ரோஜாப் பூப்போட்ட முக்காடு, மடிப்பு வைத்த பாவாடை. உலர்த்திய ஆப்பிள் விற்ற ஒரு பாட்டி, கேமராவைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அது தாரோஃப் இல்லை, நிஜமான மறுப்பு. கேமராவைப் பைக்குள் வைத்தேன்.

*

உங்கள் டாக்ஸிக் கதையைப் படித்துவிட்டுச் சிரித்தேன். நாங்கள் மே மாத நடுவில் காஷான் பக்கத்துக் கம்சருக்குப் போனோம். ரோஜா பறிக்கிற காலம். வெயில் ஏறினால் வாசனை போய்விடும் என்று விடியும்போதே பறித்துவிடுகிறார்கள். பெரிய செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் போட்டு மூடிக் கொதிக்கவிடுவார்கள். ஆவி குழாய் வழியாகப் போய், குளிர்ந்த நீரில் அமிழ்த்திய பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதுதான் கோலாப். கோல் என்றால் பூ, ஆப் என்றால் தண்ணீர். நம் குலாப் ஜாமூனில் இருப்பது இந்தச் சொல்தான் என்று அந்த அண்டா முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

வடித்துக்கொண்டிருந்த அம்மா என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். கண்ணை மூடினால் கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச்செம்போடு நிற்கிற சித்தி. நன்றி சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே வாக்கியத்தை எடுத்துவிட்டேன்: "தஸ்தெ ஷொமா தர்த் நகொனே." உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும். எவ்வளவு நல்ல நன்றி! ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் எனக்குப் பாரசீக மொழி தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார். அரை மணி நேரம் அவர் பேசினார், நான் தலையாட்டினேன், நாலு கிளாஸ் தேநீர் உள்ளே போனது. சர்க்கரைக் கட்டியைத் தேநீரில் போடாமல் பல்லிடுக்கில் வைத்து உறிஞ்ச வேண்டும். எனக்கு ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை.

*

என்னுடையது யஸ்த் நகரத்தில். பழைய மண் வீடு ஒன்றை விடுதியாக்கியிருந்தார்கள். மரக்கதவில் தட்டுவதற்கென்று இரண்டு இரும்புகள் தொங்கின. ஒன்று தடித்த இரும்புக் கட்டை, மற்றொன்று மெல்லிய வளையம். கைக்கு வாகாக இருந்த கட்டையால் தட்டினேன். உள்ளே ஏதோ சலசலப்பு, கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரர் வந்தார். என்னைப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. வளையத்தைக் காட்டிவிட்டு, கதவை மறுபடி சாத்திக்கொண்டார்! வளையத்தால் தட்டினேன். இந்த முறை அவர் மனைவி வந்து திறந்தார். கட்டையின் கனத்த சத்தம் கேட்டால் வந்திருப்பது ஆண், வளையத்தின் கணீர் சத்தம் என்றால் பெண். யார் திறப்பது என்று உள்ளே இருப்பவர்கள் முடிவு செய்துகொள்ளும் பழைய ஏற்பாடு.

அந்த வீட்டில் மறக்க முடியாதது பாத்கீர், அதாவது காற்றுக் கோபுரம். கூரைக்கு மேலே ஓடும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்குகிறது. மதியம் வெளியே கால் வைக்க முடியாத வெயில், அதன் அடியில் பாய் விரித்துத் தூங்கினேன். தவ்லதாபாத் தோட்டத்தில் 33 மீட்டர் உயரத்தில் ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்தேன். ஆனால் சொல்லவேண்டுமானால் அண்ணாந்து பார்த்ததைவிட அடியில் படுத்ததுதான் சுகம்.

*

இரண்டு தடவை மறுப்பார்கள் என்று எழுதியவருக்கு என் தரப்பிலிருந்து ஒரு புகார். பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் தொடங்கிப் பதின்மூன்றாம் நாள், சீஸ்தா பெதார். அன்றைக்கு யாரும் வீட்டில் தங்கமாட்டார்கள். இஸ்பஹானில் புல் தெரிந்த இடமெல்லாம் விரிப்பு. புத்தாண்டுக்கு வீட்டில் முளைக்கவைத்த கோதுமைத் தட்டை ஓடும் நீரில் விடுவது வழக்கம், ஏறக்குறைய நம் முளைப்பாரி. நான் போனபோது 33 வளைவுப் பாலத்துக்கு அடியில் ஆறு வறண்டு கிடந்தது. தோட்டத்து வாய்க்காலில்தான் பச்சைப் பச்சையாக மிதந்தன.

ஒரு குடும்பம் சாப்பிடக் கூப்பிட்டது. முறைப்படி மறுத்தேன். மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி மறுத்தேன். எண்ணிக்கை தவறி மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றுவிட்டேன். சரி என்று விட்டுவிட்டார்கள்! கீரையும் நூடுல்ஸும் போட்ட ஆஷ் கொதிக்கிற வாசனைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பெண் குழந்தை எழுந்து வந்து, புதினா போட்ட இனிப்பு வினிகரில் தோய்த்த லெட்யூஸ் இலை ஒன்றை ஒன்றுமே கேட்காமல் என் கையில் வைத்துவிட்டு ஓடினாள்.