என்சிசியில் (தேசிய மாணவர் படை) இன்னும் மனதை அரிக்கும் ஒரு சம்பவம், சொல்லுங்கள்

குளத்துக்கரை:
ஒன்பதாம் வகுப்பு, பத்து நாள் கேம்ப், ஃபயரிங் நாள். பாயிண்ட் டூ டூ ரைபிள், ஆளுக்கு ஐந்து ரவுண்டு. என் டார்கெட்டில் ஒரே ஓட்டைதான், மற்றதெல்லாம் எங்கே போனது என்று கேட்காதீர்கள். எழுந்திருக்கும்போது காலித் தோட்டா ஒன்றைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டேன். சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை, கணுக்காலில் சுட்டது. அப்புறம்தான் எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்று குறைகிறது. எல்லோரும் முட்டிபோட்டுப் புல்லைத் தடவினோம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நானும் தேடினேன்! தேடுகிற சாக்கில் அதை எடுத்துக் கீழே போட்டு, "கிடைச்சிருச்சு சார்" என்றேன். ஹவில்தார் முதுகில் தட்டி "ஷாபாஷ்" என்றார். சாயங்காலம் எனக்கு மட்டும் இரண்டு பூரி கூடுதல். முப்பது வருஷம் ஆகிறது, அந்தப் பூரி இன்னும் இறங்கவில்லை.

மதுரைக்காரி:
எங்கள் அரசுப் பெண்கள் பள்ளிக்கு வந்த பூட்ஸெல்லாம் எட்டாம் நம்பர். என் கால் நாலு. பேப்பர் திணித்துப் போட்டுக்கொண்டேன். சுதந்திர தினப் பரேடில், மேடைக்கு நேராக "தாஹினே தேக்" (இந்தியில் 'வலப்பக்கம் பார்') சொன்ன நொடியில் இடது பூட்ஸ் கழன்றது. கலெக்டரைப் பார்த்தபடியே ஒற்றைச் சாக்ஸோடு நடந்தேன். பின்னால் வந்தவள் ஸ்டெப் மாறாமல் அதை ஓரமாக எத்திவிட்டாள். அவள் இப்போது என் நாத்தனார். தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிக்காட்டுகிறாள்.

பழைய கேடட்:
குளத்துக்கரை, இது விளையாட்டில்லை. சுட்ட ஒவ்வொரு ரவுண்டுக்கும் காலித் தோட்டாவைக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த ஹவில்தார் வேலைக்கே உலை வைத்திருப்பீர்கள். அப்புறம் "தாஹினே தேக்" என்று ரசித்து எழுதியவருக்கு: 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றம் போட்ட தீர்மானத்தில் மும்மொழித் திட்டம் வேண்டாம் என்பதோடு என்சிசியில் இந்திக் கட்டளை கூடாது என்பதும் இருந்தது. அதற்குப் பிறகும் நம் பிள்ளைகள் "பீச்சே முட்" (பின்னால் திரும்பு) கேட்டுத்தான் திரும்புகிறார்கள். என் அனுபவமா? அதே பீச்சே முட்டுக்கு நான் மட்டும் திரும்பாமல் நின்று, முன்னால் நின்றவனும் நானும் மூக்கோடு மூக்கு.

தென்னந்தோப்பு:
பிள்ளைகளைச் சேர்க்கப்போகிறவர்கள் கவனியுங்கள். பள்ளியில் இரண்டு வருஷம் முடித்தால் ஏ சர்டிபிகேட் தேர்வு எழுதலாம். அதோடு நிறுத்தினால் பெரிய பயன் இல்லை, கல்லூரியில் சி வரை போக வேண்டும். சி சர்டிபிகேட்டில் பி கிரேடாவது இருந்தால், டிகிரிக்குப் பிறகு ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வில்லாமல் எஸ்எஸ்பி (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். முக்கியமாக, கேம்ப் என்று யார் சொன்னாலும் என்சிசி பட்டாலியன் கொடுத்த கடிதத்தைக் கேளுங்கள். 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்சிசி கேம்ப் என்று சொல்லி நடத்தியது கேம்ப்பே இல்லை, போலி. பெண் குழந்தையென்றால், கூட வரும் ஆசிரியை யார் என்று தெரியாமல் அனுப்பாதீர்கள். கால் அளவையும் முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். நான் கேடட் இல்லை, என் மகன்தான்.

குளத்துக்கரை:
பழைய கேடட் அண்ணே, அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷக் கேம்ப்புக்கும் அவரேதான் வந்தார். ஃபயரிங் முடிந்து எழுந்ததும், அத்தனை பேரில் என்னை மட்டும் நிறுத்தி, சாக்ஸைக் கழற்றி உதறச் சொன்னார்.