வேட்டைத் திருவிழா அம்பு

செவ்வாய்

சின்ன அண்ணா: ஐயர் ஆள் அனுப்பியிருக்கிறார். வெள்ளி வேட்டைத் திருவிழா. வாழைக்குற்றியில் எய்யும் அம்பு பன்னிரண்டு, வழக்கம்போல் நம் உபயம்.

பெரியம்மா: அவர் இருந்திருந்தால் இந்நேரம் தடியெல்லாம் சீவி முடித்திருப்பார்.

உவர்மலை அத்தான்: போன வருடத்து அம்பு ஆறு மிச்சம் இருக்கிறதே.

சின்ன அண்ணா: அவை நீங்கள் ஒட்டியவை அத்தான்.

நான்: அம்பு விலகித் தவில்காரர் குனிந்தாரே!

உவர்மலை அத்தான்: அது கச்சான் காற்று.

கனடா சித்தப்பா: காற்று இல்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரே அம்பில் இடச்சிறகு இறகும் வலச்சிறகு இறகும் கலந்திருந்தன. இரண்டுக்கும் வளைவு எதிரெதிர். அம்பின் மூன்று இறகும் ஒரு பக்கத்தவை என்றால் அம்பு ஒரே திசையில் சுழன்று நேராகப் போகும். கலந்தால் ஒன்று இழுக்கும், மற்றது மறுத்து நிற்கும். நம் குடும்பம் மாதிரி.

தம்பலகாமம் மாமி: யாரைச் சொல்கிறீர்கள் அண்ணா?

பெரியம்மா: நிலாவெளிக் காணிப் பேச்சு இங்கே வேண்டாம்.

நான்: யாரும் எடுக்கவில்லை பெரியம்மா.

சின்ன அண்ணா: இறகுக்குக் கோழிக்கடையில் கேட்கவா?

பெரியம்மா: இறைச்சிக்கடை இறகு சுவாமிக்கா? தானாக உதிர்ந்ததாக இருக்க வேண்டும்.

சின்னவள்: என்னிடம் மயில் தோகை இருக்கிறது! 🦚

கனடா சித்தப்பா: தோகை சரிவராது பிள்ளை. இழைகள் ஒன்றோடொன்று கொளுவி நிற்காது. சிறகில் இருக்கும் விறைப்பான பெரிய இறகு வேண்டும். வான்கோழி இறகு நல்லது.

தம்பலகாமம் மாமி: ஒரு பை நிறையப் பொறுக்கி வைத்திருக்கிறேன். வந்து எடுங்கள். சேவல் கொத்தும்.

பெரியம்மா: அந்த வான்கோழிச் சோடி அவர் வாங்கித் தந்தது. காசு இன்னும்

தம்பலகாமம் மாமி: மச்சாள், அது அன்பளிப்பு.

பெரியம்மா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

புதன்

கனடா சித்தப்பா: இறகை நடுத்தண்டு வழியே பிளேடால் பிளந்து அகன்ற பாதியை எடுங்கள். தண்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சோற்றைச் சுரண்டி, அடியைச் சாண்ட் பேப்பரில் தட்டையாக உரச வேண்டும். இல்லாவிட்டால் பைண்டர் கம்கூடப் பிடிக்காது. நாலு அங்குலம் போதும். வேர்ப்பக்கம் அம்பு முனையை நோக்க வேண்டும். நாண் பூட்டும் வெட்டிலிருந்து விரலுக்கு ஓர் அங்குலம் விடுங்கள். முதல் இறகு அந்த வெட்டுக்குச் செங்குத்து, மற்ற இரண்டும் 120 பாகை தள்ளி. முதல் இறகு வில்லுக்கு வெளிப்பக்கம் பார்த்திருந்தால் மற்றவை வில்லில் அதிகம் உரசாது. சற்றுச் சரித்து ஒட்டினால் சுழற்சி கூடும்.

உவர்மலை அத்தான்: 👍

சின்ன அண்ணா: சித்தப்பா, நாலு முழம் போய் வாழைக்குற்றியில் குத்தினால் போதும்.

கனடா சித்தப்பா: முக்கியமானதை விட்டுவிட்டேன். ஒட்டிக் காய்ந்ததும் தண்டின் முன் நுனியை மெல்லியதாகச் சீவி, நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும். அம்பு புறப்படும்போது அந்த நுனிதான் கையைக் கிழிக்கும். அண்ணன் இதை ஒருநாளும் விட்டதில்லை.

நான்: ஐயர் கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றது அதனால்தானா?

உவர்மலை அத்தான்: பசை போதும் என்று நினைத்தேன்.

பெரியம்மா: அவருடைய பெட்டியில் நூல்கட்டையும் மெழுகும் இருக்கின்றன. நான் இன்னும் திறக்கவில்லை.

சின்ன அண்ணா: பின்னேரம் வருகிறேன் பெரியம்மா.

பெரியம்மா: அத்தானையும் கூட்டி வா. கட்டப் பழகட்டும். வெள்ளி வரை மச்சம் மாமிசம் இல்லை, சொல்லிவிட்டேன்.

உவர்மலை அத்தான்: இன்று எனக்கு வேலை. நாளை பார்ப்போம்.

சின்ன அண்ணா: நாளை ஒட்டினால் எப்போது காயும்?

உவர்மலை அத்தான்: கச்சான் அடிக்கிறதே, காயும்.

தம்பலகாமம் மாமி: பையில் இடமும் வலமும் கலந்து கிடக்கின்றன. யார் பிரிப்பது?

கனடா சித்தப்பா: 🎤 குரல் பதிவு 6:42

நான்: சித்தப்பா, அங்கே இரவு இரண்டு மணி. படுங்கள்.

தம்பலகாமம் மாமி: சேவலை அடைத்துவிட்டேன். யார் வருகிறீர்கள்?

சின்னவள்: தோகையை ஒரே ஒரு அம்பில் வைக்கலாமா?