கேப்சாவைத் தாண்ட முடியவில்லை: அரசுத் தளத்தைப் பற்றி யாரிடம், எப்படி முறையிடுவது?

கேட்டவர்:
வணக்கம். நான் பார்வையற்றவன். திரையில் உள்ளதை ஒலியாக வாசிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைக் கொண்டு ஓர் அரசுத் துறையின் விண்ணப்பத்தை நிரப்புகிறேன். பெயர், முகவரி வரை தடையில்லை. கடைசியில் வரும் கேப்சா (நிரப்புபவர் மனிதர்தானா என்று பார்க்கும் எழுத்துப்புதிர்) வெறும் படம்; ஒலி வடிவம் இல்லை. அதன்பின் வரும் பொத்தான்களுக்கும் பெயரில்லை, "பொத்தான்" என்று மட்டுமே வாசிக்கிறது. உதவி மையத்துக்கு எழுதினால், "அருகில் இருப்பவரை நிரப்பச் சொல்லுங்கள்" என்கிறார்கள். என் வருமான விவரத்தை இன்னொருவர் ஏன் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
நானும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவள்தான். பி (B) விசையை அழுத்திப் பொத்தான் பொத்தானாக நகருங்கள். படிவத்தை அழிக்கும் பொத்தானும் அங்கேயே இருக்கக்கூடும், கவனம். என்விடிஏ விசையுடன் ஆர் அழுத்தினால் விண்டோஸின் எழுத்துணரி படத்தைப் படிக்க முயலும். கோணல் எழுத்துகளில் அது பெரும்பாலும் தடுமாறும்.

மறுமொழி 2:
இணையதளங்களைச் சோதிப்பது என் வேலை. "தளம் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் உதவி மையத்தோடு முடிந்துவிடும். மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி (WCAG) நெறிமுறையின் விதி எண்களைக் குறிப்பிடுங்கள். கேப்சாவுக்கு வேறொரு புலனால் உணரக்கூடிய மாற்று வேண்டும் என்பது 1.1.1. பொத்தானுக்குப் பெயர் வேண்டும் என்பது 4.1.2. இரண்டுமே அடிப்படையான 'ஏ' நிலை விதிகள். பல நாடுகள் தம் அரசுத் தளங்களிடம் அதற்கும் மேலான 'ஏஏ' நிலையைக் கேட்கின்றன. நீங்கள் சலுகை கேட்கவில்லை.

உங்கள் நாடு 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றிருந்தால் 9ஆம் பிரிவையும் சேருங்கள். இணையத்தை அணுக வழிசெய்வது அரசின் கடமை என்கிறது அது.

கேட்டவர்:
சட்டம் இருந்தும் ஏன் இப்படி?

மறுமொழி 2:
சட்டம் போட்டவர்கள் சோதிக்க ஆளை நியமிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு ஆணை இதை உணர்ந்தது: ஒவ்வொரு பொதுத்துறைத் தளமும் தன் அணுகல் நிலையை அறிவிக்க வேண்டும், குறை சொல்ல வழி தர வேண்டும், உறுப்பு நாடுகள் தளங்களைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை கண்காணிக்க வேண்டும். என் அனுபவத்தில் இதைவிட வலுவான கருவி ஒப்பந்தம். பார்வையற்றவர்கள் சோதித்து ஒப்புதல் தந்தால்தான் தளம் கட்டிய நிறுவனத்துக்கு இறுதித் தவணை என்று அரசு எழுதிவிட்டால், பெயரில்லாத பொத்தான் வெளியே வராது.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
விதி எண்களோடு துறைத் தலைமைக்கே எழுதினேன். பொத்தான் இப்போது "சமர்ப்பி" என்று வாசிக்கிறது. கேப்சா மாறவில்லை. 1.1.1ஐ மட்டும் வைத்து மறுபடி எழுதியிருக்கிறேன்.