ஹெய்யான் ஷோடான்: தொடங்கிய இடத்தில் முடியவில்லை, உதவி தேவை

ஷோட்டோகான் கராத்தே சென்செய்களே (ஆசிரியர்களே), அடுத்த கிரேடிங்குக்குத் (பெல்ட் தேர்வுக்குத்) தயாராகும் ஒரு மாணவி ஹெய்யான் ஷோடான் கட்டாவை (தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டிய அசைவு வரிசை) ஒவ்வொரு முறையும் தொடங்கிய புள்ளிக்கு ஏறத்தாழ 40 செ.மீ. பின்னால் முடிக்கிறார். இரண்டு மாதமாக இதே நிலை. பயிற்சி ஃபோம் மேட்டில். சிமெண்ட் தரையில் செய்தால் விலகல் ஒரு சாணுக்குள் அடங்கிவிடுகிறது.

ஸென்குட்சு டாச்சியின் (முன்காலில் எடை தாங்கும் நீண்ட நிலை) நீளத்தை டேப் ஒட்டிச் சரிசெய்தாயிற்று. மூன்று ஆகே உகே (மேல்நோக்கிய தடுப்பு) போகும் தூரமும் மூன்று ஓய்ஸுகி (முன்னேறிக் குத்துதல்) திரும்பி வரும் தூரமும் தனியாக அளந்தால் சமம். கடைசி நான்கு ஷுட்டோ உகேயில் (கை விளிம்பால் தடுப்பது) கோகுட்சு டாச்சியும் (பின்காலில் எடை தாங்கும் நிலை) குறுகவில்லை. யாமே (முடிக்கும் கட்டளை) சொன்னதும் இடது காலைத்தான் இழுக்கிறார், அதுவும் சரி.

பிழை இரண்டு 270 பாகைத் திருப்பங்களில்தான். இரண்டிலும் வலது கால் அச்சு, இடது கால் சுற்றி வருகிறது. கியாயோடு (உரத்த முழக்கத்தோடு) வந்த வேகத்தில் அச்சுக்கால் மேட்டில் சிக்கி, சின்னத் துள்ளலோடு நகர்ந்துவிடுகிறது. ஆகே உகேக்குப் பிறகு நகர்வது குறைவு, ஓய்ஸுகிக்குப் பிறகு அதிகம். அதனால் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டுவதில்லை. மெதுவாகச் செய்தால் நகர்வதே இல்லை. முழங்காலுக்கும் இது நல்லதல்ல என்பதால் கவலையாக இருக்கிறது.

(ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ ஆகிய மற்ற கராத்தே பிரிவு நண்பர்களுக்கு: உங்கள் பினான் நிடான்தான் இது, பினான் ஷோடான் அல்ல.)

மேட்டில் முழு வேகத்தில் இந்தத் திருப்பத்தைக் குதிகாலில் சுழலச் சொல்கிறீர்களா, முன்பாதத்திலா?