பழைய புத்தகக் கடையில் கிடைத்த ‘பன்னிரண்டு நாற்காலிகள்’: கடைசிப் பக்கங்கள் இல்லை

கொங்கு வாசகி:
ஈரோட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கினேன். இல்ஃபும் பெத்ரோவும் சேர்ந்து எழுதி 1928-ல் வந்த ரஷ்ய நாவல், ஆங்கில மொழிபெயர்ப்பு. சாகக் கிடக்கும் மாமியார், வைரங்களை ஒரு நாற்காலி மெத்தைக்குள் வைத்துத் தைத்ததாகச் சொல்கிறாள். மருமகனும் ஒஸ்தாப் பெண்டர் என்ற எத்தனும் பன்னிரண்டு நாற்காலிகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். பதினொன்றைக் கிழித்துப் பார்த்தாயிற்று. அதோடு என் பிரதி தீர்ந்துவிட்டது. முடிவு என்ன?

இன்னொன்றும் கேட்கணும். வாஸ்யுகி என்ற வோல்கா கரைச் சிற்றூருக்குப் பெண்டர் செஸ் கிராண்ட்மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டு வருகிறான். அவன் செஸ் ஆடுவதே வாழ்க்கையில் இரண்டாவது தடவை. நுழைவுக்கு 20 கோபெக் (ரஷ்யச் சில்லறைக் காசு), அவனோடு ஆட 50. உலகப் போட்டி நடந்தால் இந்த ஊர்தான் புது மாஸ்கோ என்கிறான். செஸ் கழகத்து ஒற்றைக்கண் மனிதர் வாய் பிளந்து கேட்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் ஈமு கோழி வளர்க்கச் சொல்லி ஒரு கம்பெனி வந்தபோது அப்பா தோப்போரம் கம்பிவேலி அடித்து ஷெட் போட்டார். குஞ்சு, தீவனம், மாசாமாசம் பணம், எல்லாம் தருவோம் என்றார்கள். 2012-ல் கம்பெனியைப் பூட்டியதும் தீவனம் நின்றது. பசியில் அந்தப் பறவைகள் நாள் முழுக்கக் கம்பியைக் கொத்திக்கொண்டே நிற்கும். அப்பா கடனுக்கு மக்காச்சோளம் வாங்கிப் போட்டார். ஊரே அவரைப் பேராசைக்காரர் என்றது. அவர் ஆசைப்பட்டது என் காலேஜ் ஃபீஸுக்கு. ஏமாந்தவர்களை இந்த நாவல் கேலிதான் செய்கிறதா?

தாள்மணம்:
முடிவு தெரிய வேண்டாதவர்கள் இதைத் தாண்டிப் போங்கள். பங்கு கொடுக்க மனமில்லாத மருமகன், தூங்கும் பெண்டரின் கழுத்தைச் சவரக்கத்தியால் அறுக்கிறான். பன்னிரண்டாவது நாற்காலியைத் தேடிப் போனால், அது இருந்த ரயில்வே தொழிலாளர் மன்றத்தின் காவலாளி, அதற்குள் கிடைத்த நகைகளில்தான் இந்தப் புதுக் கட்டடமே எழுந்தது என்கிறார். தியேட்டர் இருக்கு, சாப்பாட்டுக் கூடம் இருக்கு என்று பெருமையாக அடுக்குகிறார். 1931-ல் வந்த அடுத்த நாவலில் பெண்டர் கழுத்துத் தழும்போடு உயிரோடு திரும்பி வருகிறான்.

நெய்தல்:
கேலிதான் செய்கிறது சகோதரி, மறைக்க வேண்டாம். இரக்கம் குறைவு. அதே வைரங்களைத் தேடி அலையும் பாதிரியார் ஃபியோதரைப் பாருங்கள். மெழுகுவர்த்தித் தொழிற்சாலை வைக்கும் ஆசையில் மனைவியிடம் பணம் அனுப்பச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் போடுகிறார். சம்பந்தமே இல்லாத நாற்காலிகளை வாங்கிக் கோடாரியால் பிளக்கிறார். கடைசியில் மலைப்பாறை மேல் புத்தி பேதலித்து நிற்கிறார். அந்த மனைவியை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. உங்கள் அப்பாவை அந்த வரிசையில் வைக்காதீர்கள்.

கொங்கு வாசகி:
நன்றி, இருவருக்கும். காவலாளி பேசும் அந்தப் பக்கங்களை மட்டும் யாராவது போட்டோ எடுத்துப் போட முடியுமா? தமிழில் சொல்லிச் சொல்லி அப்பாவுக்கு வாசித்துக் காட்டணும். பதினொன்றாவது நாற்காலி வரைக்கும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.