புதுப்பிப்பு: ஹைப்ரிட் புதிதா, பழையதா? பழையதையே வாங்கினேன்

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரைப் புதிதாக வாங்குவதா, அதே வகையில் பழைய லெக்சஸ் சிடி 200எச் வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பழையதையே வாங்கிவிட்டேன்.

முடிவெடுக்க உதவியது, ஓடிய தூரத்தை விட்டுவிட்டு பேட்டரியைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான். சிடி 200எச்சில் மோட்டாரை ஓட்டுவது 201.6 வோல்ட் நிக்கல் பேட்டரி; அதில் 28 மாட்யூல்கள், அதாவது சிறு பேட்டரிகள். காரின் கணினித் தகவல்களைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி, ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு பிளாக்கின் (சேர்த்து அளக்கப்படும் மாட்யூல் தொகுதியின்) வோல்டேஜையும் பார்த்தோம். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எல்லாம் சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே ஏற வேண்டும். முதலில் பார்த்த காரில் ஒரு பிளாக் மட்டும் சட்டென்று சரிந்தது; அதை விட்டுவிட்டேன். இரண்டாவதில் எல்லாம் ஒரே சீராக இருந்தன. பேட்டரிக்குக் காற்று போகும் ஃபேனில் மட்டும் தூசி அப்பியிருந்தது, சுத்தம் செய்தாயிற்று.

எதிர்பாராதது ஒன்று. கொஞ்ச நாள் ஓட்டாமல் விட்டதும் கார் 'ரெடி' நிலைக்கே, அதாவது ஓட்டத் தயாரான நிலைக்கே, வரவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். காரணம், பின்னால் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. ஹைப்ரிடில் அது எஞ்சினைச் சுழற்றுவதில்லை, கணினிகளை எழுப்புகிறது; அது சோர்ந்தால் எதுவும் நடக்காது. மாற்றியதும் சரியாகிவிட்டது. மாற்றுகிறவர்கள் வாயு வெளியேறும் குழாய் உள்ள வகையாகக் கேட்டு வாங்குங்கள், அது காருக்குள்ளேயே இருப்பதால்.